பியானோ வகுப்புக்குப் போகிறீர்களா, குட்டீஸ்?



தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் அவள் அப்பா, கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு கீபோர்டு வாங்கித் தந்து, பியானோ வகுப்பிலும் சேர்த்துவிட்டார்.

முதல் மாதம் துள்ளிக் குதித்துப் போனாள். மூன்றாம் மாதம் சனிக்கிழமை காலை வந்தாலே அவளுக்கு வயிற்று வலி! ஒருநாள் மெதுவாக விசாரித்தேன்.

''வயிறெல்லாம் வலிக்கல டீச்சர்... போன வாரம் சொல்லித் தந்ததை நான் வாசிச்சே பார்க்கல. மாஸ்டர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?'' என்று அழுதுவிட்டாள்.

''வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு?'' என்று கேட்டேன்.

''முக்கால் மணி நேரம்.''

''ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். முக்கால் மணி நேரம் மட்டும்தான் மாஸ்டர் உன்னோடு இருக்கிறார். மிச்ச நேரத்தில்தான் பியானோ வர வேண்டும்,'' என்றேன்.

நம் கடற்கரையில் முத்துக் குளித்த கதை உங்களுக்குத் தெரியும்தானே? குளியாளி, கல் கட்டிய கயிற்றின் துணையோடு கடலுக்குள் இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். சைகை கிடைத்ததும் மேலே இழுப்பார். ஆனால், அடியில் சிப்பியைப் பொறுக்க வேண்டியவர் குளியாளிதான். பியானோ மாஸ்டரும் கயிறு பிடிப்பவர் மாதிரிதான். குளிப்பது உங்கள் வேலை!

அதற்குச் சில வழிகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பியானோவை உருவாக்கியவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி. காலம், சுமார் 1700. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உண்டு. வெள்ளை 52, கறுப்பு 36. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி ஒட்டிய சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டும். மென்மையாக அழுத்தினால் மெல்லிய ஒலி. வேகமாக அழுத்தினால் பலத்த ஒலி.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டுதான். அதில் சுத்தியலும் இல்லை, கம்பியும் இல்லை. பரவாயில்லை, தொடக்கப் பாடங்களுக்கு அது போதும். புதிதாக வாங்குவதானால், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். பயிற்சி செய்யும்போது, தானாக ஒலிக்கும் தாளத்தை நிறுத்திவிடுங்கள். அது உங்கள் தவறுகளை மறைத்துவிடும்!

நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி வையுங்கள்.

உட்காரும் விதம்

நகம் வெட்டி, கை கழுவி உட்காருங்கள். முழங்கை, கட்டைகளின் உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை போட்டுக்கொள்ளலாம். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை வையுங்கள். கைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல விரல்கள் வளைந்திருக்கட்டும்.

இரண்டு கைகளிலும் கட்டை விரல்தான் 1. சுண்டு விரல் 5. பாடப் புத்தகத்தில் இந்த எண்களைப் போட்டிருப்பார்கள். அதன்படியே வாசியுங்கள். தினம் ஒரு விரலை மாற்றி வைத்தால் கைக்குப் பழக்கம் வராது.

தினமும் 20 நிமிடம்

ஞாயிறு ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் 20 நிமிடம் வாசிப்பது நல்லது. அன்றன்று பழகியதை, நாம் தூங்கும்போது மூளை பதிய வைத்துக்கொள்கிறது. வாரத்தில் ஆறு இரவுகள் அதற்குக் கிடைக்கட்டுமே!

முதலில் வலது கை மட்டும். பிறகு இடது கை மட்டும். அதன்பின் இரண்டும் சேர்த்து. எப்போதும் முதலிலிருந்தே தொடங்காதீர்கள். எங்கே தடுக்குகிறதோ, அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அதை மட்டும் மெதுவாக வாசியுங்கள். தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால்தான் அடுத்த இடம்.

சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். 'வண்டின் பறத்தல்' என்ற கடினமான இசையை, நிமிடத்துக்கு 208 தாள வேகத்தில் வாசித்தார்; அடுத்து 325 வேகத்தில் வாசித்து நடுவர்களை அசர வைத்தார். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். தாளம் எண்ணும் மெட்ரோனோமை முதலில் 60-ல் வையுங்கள். பிழையில்லாமல் வந்தால் 64, பிறகு 68. படி ஏறுவதுபோல வேகத்தைக் கூட்டுங்கள்.

நோட்டுப் புத்தகம் எங்கே?

ஜெர்மனியின் புகழ்பெற்ற இசை மேதை பாக், 1720-ல் தன் மூத்த மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். அப்போது பையனுக்கு 9 வயது. சுரங்களின் பெயர், விரல் வைக்கும் முறை, பிறகு சின்னச் சின்னப் பாடங்கள் என்று படிப்படியாக அதில் எழுதினார். அத்தனை பெரிய மேதையின் வீட்டிலும் பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது!

நீங்களும் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் மாஸ்டர் சொன்னதை எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள். 'இந்த இடத்தில் நான்காம் விரல் எட்டவில்லை, என்ன செய்வது?' என்று கேட்கும் மாணவனுக்கு முக்கால் மணி நேரமும் பயன்படும்.

உண்மையைச் சொல்லுங்கள்

ஒரு வாரம் பயிற்சி செய்ய முடியவில்லையா? வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ''இந்த வாரம் பரீட்சை, வாசிக்கவில்லை'' என்று நேராகச் சொல்லுங்கள். அன்றைக்கு மாஸ்டர் உங்களோடு உட்கார்ந்து பழைய பாடத்தையே பழக்கிவிடுவார். 36 வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன்... பாடம் வராத பிள்ளையை ஆசிரியருக்குச் சமாளிக்கத் தெரியும். வகுப்புக்கே வராத பிள்ளையை என்ன செய்ய முடியும்?

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை உண்மையைச் சொன்னாளாம். மாஸ்டர் சிரித்துவிட்டு, ''வா, நாலு வரியை மட்டும் இங்கேயே பார்ப்போம்,'' என்றாராம். இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை இரண்டு கைகளாலும் வாசிக்கிறாள். மூன்றாவது வரியில் இன்னும் தடுக்குகிறது. நேற்று அவள் நோட்டைப் பார்த்தேன். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலில் பெரிய வட்டம் ஒன்று போட்டிருந்தாள்!