மீன் தொட்டி: கண்ணாடியா, அக்ரிலிக்கா? எதுவானாலும் பில்லில் எழுதி வாங்குங்கள்

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். வீட்டுக் கூடங்களில் சாதாரணமாகப் பார்க்கும் மீன் தொட்டியின் அளவு இது. விளிம்பு வரை நிரப்பினால் 127 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் முன்பக்கக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 95 கிலோ. இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், ஒரு நிமிடமும் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். உயரத்தை இரண்டடி ஆக்கிவிட்டால் அதே நீளத்துக்கு விசை 160 கிலோவைத் தாண்டிவிடும். அரை அடிதானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். தொட்டியின் பலத்தைச் சோதிப்பது எத்தனை லிட்டர் என்பதைவிட, எவ்வளவு உயரம் என்பதுதான்.

தொட்டி வாங்கப் போகிறவர்களிடம் கடைகளில் இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. "அக்ரிலிக் உடையவே உடையாது, கண்ணாடி எப்ப வேணாலும் போயிடும்" என்பது ஒன்று. "அக்ரிலிக்னா பிளாஸ்டிக் சார், ஒரு வருஷத்துல மங்கிடும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கடி வரையுள்ள நீள்சதுரத் தொட்டிக்கு, நம் ஊர் வீட்டுக்கு, கண்ணாடியே போதும். ஆனால் எந்தத் தொட்டியானாலும் தடிமன், ஒட்டு, தாங்கும் ஸ்டாண்டு, கையில் இருக்கும் பில் ஆகிய நான்கும் சரியாக இல்லாவிட்டால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

அக்ரிலிக்கின் பெருமைகளில் முதலில் சொல்லப்படுவது எடை. அதன் அடர்த்தி 1.19, கண்ணாடிக்கு 2.5. மேலே சொன்ன தொட்டியை 8 எம்.எம். கண்ணாடியில் செய்தால் காலித் தொட்டி 28 கிலோ வரும். அதே தடிமன் அக்ரிலிக்கில் 13 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்பவருக்கு இது பெரிய வித்தியாசம். தண்ணீர், மணல், கல் எல்லாம் போட்ட பிறகு மொத்தம் 160, 180 கிலோவுக்குப் போய்விடும். அப்போது இந்த 15 கிலோ தரைக்கும் ஸ்டாண்டுக்கும் பெரிதாகத் தெரியாது. எனவே 'எடை குறைவு, தளத்துக்குப் பாதுகாப்பு' என்று சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு மட்டும் அது உண்மையான லாபம்.

அடி தாங்கும் திறனில் அக்ரிலிக் பல மடங்கு மேல். கூடத்தில் பந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். வளைவான, உருளையான வடிவங்களுக்கும் அக்ரிலிக்கே சுலபம். தெளிவிலும் அது முந்தும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து இருப்பதால் தடிமன் கூடக்கூட இளம்பச்சை தட்டும். அக்ரிலிக்கில் அது கிடையாது. பச்சை பிடிக்காதவர்கள் இரும்பு குறைந்த 'எக்ஸ்ட்ரா கிளியர்' கண்ணாடி கேட்டு வாங்கலாம். விலை கூடும், பலம் கூடாது. வெப்பத்தை அக்ரிலிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே கடத்தும் என்பதும் உண்மை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹீட்டர் ஓடும் தொட்டிக்கு அது உதவும். சென்னையிலும் மதுரையிலும் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இனி அதன் பலவீனங்கள். கீறல்தான் முதல் எதிரி. பாசி துடைக்கும் காந்த பிரஷ்ஷில் ஒரே ஒரு மணல் சிக்கினாலும் போதும், கோடு விழுந்துவிடும். கண்ணாடிப் பாசியைச் சுரண்டும் பிளேடை அக்ரிலிக்கில் வைக்கவே கூடாது. கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியும் என்பது ஆறுதல். உள்பக்கக் கீறலுக்குத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்பது சிரமம். இதைவிட ஆபத்தானது ரசாயனம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், ஸ்பிரிட், சானிட்டைசர் போன்றவை பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற நுண்வெடிப்புகள் கிளம்பும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். சாம்பிராணி, விளக்கு, கற்பூரம் அருகே வைக்கவும் கூடாது. அது எரியும் பொருள். தண்ணீரின் அழுத்தத்தில் அக்ரிலிக் மெல்ல வளையும் தன்மையும் கொண்டது. அதனால்தான் மேலே சுற்றிலும் ஒரு பட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். 'கை விட இடம் போதவில்லை' என்று அந்தப் பட்டையை வெட்டி விடுகிறவர்கள் தொட்டியின் உயிரையே வெட்டுகிறார்கள்.

அக்ரிலிக் உடையாது என்ற பேச்சுக்குப் பெர்லினில் பதில் கிடைத்துவிட்டது. அங்கே ஒரு ஓட்டலின் முகப்புக் கூடத்தில் 10 லட்சம் லிட்டர் தண்ணீருடன் நின்ற 'அக்வாடோம்' என்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன, இருவர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு கோடையில்தான் அதைப் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். பட்டப்பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. வீட்டுத் தொட்டி அவ்வளவு பெரிதல்ல. ஆனால் பொருளின் பெயர் மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

கண்ணாடித் தொட்டியில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது கண்ணாடி அல்ல, சிலிக்கான் ஒட்டுதான். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானில் மீனுக்கு ஆகாத மருந்து கலந்திருக்கும். மீன் தொட்டிக்கென்றே வரும் சிலிக்கானைத்தான் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், டியூபைக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டின மூலையை வெளிச்சத்தில் பாருங்கள்: காற்றுக் குமிழ்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடினால் அந்தத் தொட்டி வேண்டாம். 'நேத்துதான் ஒட்டினது, இன்னைக்கே தண்ணி ஊத்தலாம்' என்று சொன்னால் அவசரப்படாதீர்கள்; தடித்த ஒட்டு முழுமையாக இறுக ஒரு வாரம் கூட ஆகும். கசியும் தொட்டிக்கு மேலோட்டமாகப் பேஸ்ட் பூசித் தருவதும் நிலைக்காது. காய்ந்த பழைய சிலிக்கானில் புதியது சரியாகப் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

தடிமனுக்கு வருவோம். போதிய பாதுகாப்பு வைத்துக் கணக்கிட்டால், மேலே பட்டை இல்லாத தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி உயரமென்றால் 5 எம்.எம். வேண்டும். மூன்றடிக்கு ஒன்றரை அடி உயரமென்றால் 8 எம்.எம்., நான்கடிக்கு இரண்டடி உயரமென்றால் 12 எம்.எம். விலை குறைவாகச் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் குறைந்திருப்பது இந்த எம்.எம்.தான். மேல் விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 8 என்று விற்றது 6 ஆக இருக்கக் கூடாது. 'டஃபன்டு கிளாஸ்' என்றால் இன்னும் நல்லது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அது பலமானதுதான், ஆனால் பிறகு அதில் துளை போட முடியாது. உடைந்தால் விரிசலோடு நிற்காது, முழுப் பலகையும் நொடியில் பொடிப்பொடியாகிவிடும். தண்ணீர் மொத்தமும் கூடத்தில் இருக்கும். சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டால் பல நேரங்களில் வாளி எடுத்து வர நேரமாவது கிடைக்கும்.

ஸ்டாண்டு ஒரு மூலையில் சற்று இறங்கியிருந்தாலும் ஒட்டு முறுக்கப்படும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சட்டகம் இல்லாத கண்ணாடித் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வைக்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் சட்டகம் உள்ளதற்கு அது கூடாது, சட்டகமே எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. அக்ரிலிக்குக்கு அடிப்பாகம் முழுவதும் படியும் சமதளப் பலகை வேண்டும். கால் பங்கு தண்ணீர் இருந்தாலும் தொட்டியைத் தூக்கி நகர்த்தக் கூடாது. புதுத் தொட்டியை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சமதளத்தில் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் பார்த்த பிறகே கூடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

தொட்டி உடைவதில் உயிரையே பறிக்கக்கூடியது மின்சாரம். சுவிட்ச் பெட்டிக்கு நேர் கீழேயோ ஒட்டியோ தொட்டி வேண்டாம். பம்ப் வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றிச் செருகினால், வயர் வழியே இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் தொட்டிக்கு முன் அதை வாங்குங்கள்.

இப்போது பில். சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையானாலும் தெருமுனைக் கடையானாலும், மீன் தொட்டி வியாபாரத்தில் வாய்ப்பேச்சே அதிகம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விற்றவர் சொன்ன தரத்தில் இல்லாத பொருளைக் குறைபாடுள்ள பொருளாகவே பார்க்கிறது. ஆனால் என்ன சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டுமே! அளவு, தடிமன், கண்ணாடியா அக்ரிலிக்கா, அக்ரிலிக் என்றால் வார்ப்புத் (காஸ்ட்) தகடா, ஒட்டுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையெல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், "அண்ணே, 8 எம்.எம்.னு சொன்னீங்கல்ல, அதை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி போதும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று சட்டம் சொல்கிறது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்த அட்டைக்குப் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைதான். ஆன்லைனில் வாங்கியதென்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

பலரும் அறியாத இடம் ஒன்று இருக்கிறது. கண்ணாடி வாங்கி வெட்டி, தானே ஒட்டி விற்கும் சிறு கடைக்காரரும் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர்தான். தொட்டியின் குறைபாட்டால் ஒருவர் காயமடைந்தாலோ, டிவி, மெத்தை, மரச்சாமான் பாழானாலோ 'பொருள் பொறுப்பு' என்ற தலைப்பில் அவரிடம் இழப்பீடு கேட்கலாம். கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால் அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான் என்பதால், சான்றுகள் உங்களுக்கு இரட்டிப்பாகத் தேவை. நீங்களாகத் துளை போட்டாலோ, பட்டையை வெட்டினாலோ, கோணல் ஸ்டாண்டில் வைத்தாலோ அந்த உரிமை பலமிழந்துவிடும்.

தொட்டி உடைந்துவிட்டால் ஈரக்காலோடு பிளக்கைப் பிடுங்க ஓடாதீர்கள். உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் மற்ற எல்லாம். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றுங்கள். பெருக்கித் தள்ளுவதற்கு முன் ஒட்டுப் பிரிந்த மூலை, ஸ்டாண்டு, தரையின் மட்டம், சேதமான பொருள்கள் ஆகியவற்றைப் படம் பிடியுங்கள். உடைந்த துண்டுகளில் ஒட்டு தெரியும் பாகத்தை எடுத்து வையுங்கள். பின்னால் வழக்குப் போட்டால், நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். கடைக்காரரிடம் பேசிப் பார்த்துவிட்டு, மசியாவிட்டால் விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.