தொலைந்த பார்சல் யார் கணக்கில்?

புனே ராஸ்தா பேட்டில் இணையவழிப் புடவை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். டொராண்டோவுக்கு விமானக் கூரியரில் அனுப்பிய இருபதாயிரம் ரூபாய் பைதானிப் புடவை வழியில் தொலைந்துவிட்டது. "முழுசா குடுத்துடுவாங்க இல்லையா சார்?" என்றார்.

சட்டம் பார்ப்பது விலையை அல்ல, எடையை. 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி, 28-12-2024 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியக் கணக்கலகு) தான் உச்சவரம்பு. சுமார் மூவாயிரம் ரூபாய். ஒரு கிலோகூடத் தேறாத புடவைக்கு என்ன வந்துவிடும்? ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டினால் வரம்பு உயரும். இவரோ, கட்டணத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்தே எழுதியிருந்தார்!

சரி, வாங்கிய அம்மாவுக்கு? நமது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, கூரியரிடம் கொடுத்தாலே பொதுவாக வாங்குபவரிடம் கொடுத்த மாதிரிதான். ஆனால் பொருளின் தன்மைக்கேற்ற ஒப்பந்தம் செய்யாமல் அனுப்பித் தொலைந்தால், அந்தச் சலுகை விற்றவருக்கு இல்லை. அன்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒவ்வொரு பார்சலுக்கும் இன்சூரன்ஸ் ரசீதைக் கேட்டு வாங்குகிறார்.