சீசன் கூட்டமும் இணையக் கடையும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கூட்டம் எப்படி வரும் என்பது நம் வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஈயோட்டும் கடையில் மாலையில் நிற்க இடமிருக்காது. இணையத்தில் கடை வைத்தாலும் இதே கணக்குதான்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியில் நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்து வந்தனர். 2025 செப்டம்பரில் மூன்றே நாட்களில் அது 3,50,000 ஆனதாக நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அவசரமாகச் சர்வர் வசதியைக் கூட்ட நேர்ந்தது.

நம் சிறு சர்வர் எவ்வளவு தாங்கும்? ஒருவரைக் கவனிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது, ஒவ்வொருவராகத்தான் கவனிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குப் பத்துப் பேர். இருபது பேர் வந்துகொண்டே இருந்தால் வரிசை நொடிக்குப் பத்தாக நீளும். காத்திருந்து சலித்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பரிகாரம் நமக்குப் பழகியதே. பருப்பை முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைப்பதுபோல, விலைப்பட்டியலை ஆயத்தப் பக்கமாக வைத்தால் அதே சர்வர் பல மடங்கு தாங்கும். படங்களின் அளவையும் குறைக்க வேண்டும்.

தளம் அமைத்துத் தருபவரிடம், “ஒரே நொடியில் எத்தனை பேரைத் தாங்கும்?” என்று கேளுங்கள். சீசனுக்கு முன்பே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.