பல்கலைக்கழகம் மாறலாமா?

மரக்காணம் கடற்கரையில் ஜூன், ஜூலை மாதங்கள் பரபரப்பானவை. உப்பளங்களில் கோடை வெயிலில் விளைந்த உப்பை வாரிக் குவிக்கும் பணி நடக்கும். வீடுகளிலோ பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை குறித்த பேச்சு நடக்கும். புதிதாகச் சேர்வோருக்கு வழிகாட்டப் பலர் உள்ளனர். செய்தித்தாள்களும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஏற்கெனவே சேர்ந்து ஓராண்டு முடித்துவிட்ட மாணவர்கள் கேட்கும் கேள்விக்குத்தான் தெளிவான விடை கிடைப்பதில்லை. 'ஐயா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா?' என்பதே அக்கேள்வி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னரும் இக்கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கேட்போரின் காரணங்கள் பலவகை. விருப்பமில்லாத பாடத்தில் இடம் கிடைத்தது, பேருந்துப் பயணத்தில் நாளின் பெரும்பகுதி கழிவது, குடும்பத்தில் நோய், பெற்றோர் வேலை தேடி வேறு ஊருக்குச் செல்வது எனப் பட்டியல் நீளும். படிப்பின் நடுவே திருமணமாகி வேறு மாவட்டத்துக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மாற வழி இல்லையெனில் அவர்களில் பலருக்குப் படிப்பே நின்றுவிடுகிறது. ஆகவே, இதைச் சிலரது சபலம் என்று ஒதுக்கிவிட இயலாது.

இப்பகுதி மாணவர்களின் சூழலை முதலில் காண்போம். மரக்காணத்துக்கு வடக்கே சென்னை ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளது. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 25 கி.மீ. சென்றால், 1985-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. மேற்கே திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி உள்ளது. அக்கல்லூரியை இன்று தன் எல்லைக்குள் வைத்திருப்பது, தெற்கே சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வீட்டுக்கு மிக அருகிலுள்ள பல்கலைக்கழகம் வேறு ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. பட்டம் தரும் பல்கலைக்கழகமோ தொலைவில் இருக்கிறது. மாறலாமா என்ற எண்ணம் இங்கு எளிதில் எழுவதில் வியப்பில்லை.

மாணவர் மாறாமலேயே பல்கலைக்கழகம் மாறிய வரலாறும் இம்மாவட்டத்துக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள், 2002-இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாக்கப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சி மாறியபின், அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அதனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா எதிர்க்கட்சியின் கடும் எதிர்ப்புக்கிடையே சட்டப்பேரவையில் நிறைவேறியது. கல்லூரிக் கட்டடமும் வகுப்பறையும் ஆசிரியரும் அப்படியே இருக்க, பட்டச் சான்றிதழின் தலைப்பு மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

இந்த இணைப்புகளின் அரசியல் சரியா, தவறா என்பது வேறு விவாதம். அவை உணர்த்தும் நிர்வாகப் பாடமே இங்கு முக்கியம். அரசு மாற்றும்போது, பாடத்திட்டங்களை ஒப்பிடவும் மதிப்பெண்களை ஏற்கவும் இடைக்கால ஏற்பாடுகளைச் செய்யவும் வழி பிறக்கிறது. அந்த மாற்றங்களுக்காக எந்த மாணவரையும் மீண்டும் முதலாண்டிலிருந்து படிக்கச் சொன்னதில்லை. ஆனால், தனியொரு மாணவி தன் தேவைக்காக மாற விரும்பினால், பெரும்பாலும் ஓராண்டை இழக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓராண்டின் விலை என்ன என்பதே மாறலாமா என்ற கேள்வியின் உயிர்நாடி.

மாற்றத்தின் வழிமுறை

இன்றைய உயர்கல்வியில் படிப்பு 'கிரெடிட்' என்னும் மதிப்பலகால் அளக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகளின்படி கிரெடிட் வங்கி உருவாக்கப்பட்டது. மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகள் அவரது கணக்கில் சேரும். பதிவு செய்துள்ள வேறொரு நிறுவனத்துக்கு அவற்றைக் கொண்டு செல்லலாம். பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை அவை செல்லும். கேட்பதற்கு எளிதாக உள்ளது. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட்டுகளை ஈட்டியிருக்க வேண்டும் என்று அவ்விதிமுறைகள் கூறுகின்றன. மூன்றாண்டுப் படிப்பில் பாதியைக் கடந்தபின் மாற விரும்புபவர், முன்பு ஈட்டியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டே செல்ல நேரிடும். எனவே, மாறுவதென முடிவெடுத்தால் மூன்றாம் பருவத்துக்குள் மாறுவதே பயன் தரும்.

இரண்டாவது, கிரெடிட் என்ற சொல் ஒன்றாயினும் அதன் நிறை எங்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 140 கிரெடிட்டுகள். அதில் தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்கும் கணிசமான பங்கு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகம் பின்பற்றும் தேசியக் கல்விக் கொள்கைக் கட்டமைப்பிலோ மூன்றாண்டுக்கு 120, நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. இங்கு மூன்று பருவங்களில் 70 கிரெடிட்டுகள் ஈட்டிய ஒருவருக்கு, அங்கே பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டபின் 45 மட்டுமே ஏற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய 25 கிரெடிட்டுகள் ஏறத்தாழ ஒரு பருவத்து உழைப்பு. எத்தனை ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பெறாமல், பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம்.

அதோடு, விதி இடம் தந்தாலும் இருக்கை இருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் இளநிலைச் சேர்க்கை 'க்யூட்' பொது நுழைவுத் தேர்வு வழியே நடைபெறுகிறது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளின் சேர்க்கை 'சென்டாக்' வழியே, அப்பகுதி மாணவருக்கு முன்னுரிமை தந்து நடைபெறுகிறது. இடையில் ஓர் இருக்கை காலியானால்தான் இரண்டாமாண்டில் நேரடியாக நுழைய வாய்ப்புண்டு.

எல்லை தாண்டும்போது

மரக்காணத்து மாணவருக்குக் காலாப்பட்டு ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. சலுகைகளைப் பொறுத்தவரை அது வேறு நாடு போன்றது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவை தமிழ்நாடு அரசின் திட்டங்கள். எல்லைக்கு அப்பால் சென்றால் இத்தொகையும் கல்வி உதவித்தொகையும் பேருந்துப் பயணச் சலுகையும் தொடருமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது கட்டாயம். மாதம் 1,000 ரூபாய் என்பது எஞ்சிய இரண்டாண்டுகளுக்கு 24,000 ரூபாய்.

பலரும் கவனிக்காத இன்னொரு செலவும் உண்டு. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டம் மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என 2020 திருத்தம் அதை இறுக்கியது. மரக்காணம் அரசுப் பள்ளியில் தமிழில் பயின்று, கல்லூரியிலும் தமிழ்வழியில் சேர்ந்த ஒருவர், நடுவில் ஆங்கிலவழிக்கு மாறினால் பதினான்கு ஆண்டுகளாகச் சேர்த்த உரிமையை ஒரே கையெழுத்தில் இழக்கிறார். அரசுப் பணியை நாடாதவருக்கு இது இழப்பாகாது; நாடுபவருக்கு மிகப் பெரிய இழப்பு.

கணக்கிடும் முறை

பொருளியல் இவ்விடத்தில் இரண்டு கருத்துகளைத் தருகிறது. ஒன்று, மூழ்கிய செலவு. கட்டிய கட்டணமும் கழிந்த ஓராண்டும் இனித் திரும்பா. 'இவ்வளவு செலவழித்துவிட்டோமே' என்பதற்காக மட்டும் ஒவ்வாத படிப்பில் நீடிப்பது கணக்காகாது. இனிவரும் செலவையும் இனிவரும் பயனையும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

மற்றொன்று, வாய்ப்புச் செலவு. மாறுவதால் ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேர்ந்தால், அந்த ஆண்டுக்கான கட்டணத்தோடு, அந்த ஆண்டில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானமும் செலவுக் கணக்கில் சேரும். மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். மீண்டும் அவற்றைச் சீரமைத்து உற்பத்தி தொடங்கும்வரை கூலி இல்லை. அதனால்தான் அரசு 2022 முதல் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கி வருகிறது. நவம்பர், டிசம்பரில் தேர்வுக் கட்டணமும் அடுத்த பருவத்துக் கட்டணமும் வந்து நிற்கும்போது வீட்டில் வருமானம் மிகக் குறைவாக இருக்கும். அத்தகைய குடும்பத்துக்கு இன்னும் ஓராண்டு என்றால், கடனோடு கழியும் இன்னுமொரு மழைக்காலம் என்று பொருள்.

எனினும், காலத்தைச் சேமிப்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உப்பளத்தில் வேலை செய்வோர் இதை நன்கறிவர். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு உரிய அடர்த்தியில் மாற்ற வேண்டும். முன்கூட்டியே மாற்றினால் சுண்ணாம்புச் சத்து கலந்து உப்பின் தரம் கெடும். காலம் கடந்தால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். படிப்பிலும் அப்படித்தான். முதல் பருவத் தேர்வு முடிவு வருமுன் எழும் மனக்கலக்கத்தில் மாறுவதும், ஐந்தாம் பருவத்தில் மாற நினைப்பதும் ஒருசேரத் தவறு. முதலாண்டின் இரு பருவ முடிவுகளையும் கண்டபின், இரண்டாமாண்டு தொடங்குமுன் எடுக்கும் முடிவே பெரும்பாலோருக்கு ஏற்றது.

காரணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடம் ஒவ்வவில்லை என்றால், அதே கல்லூரியில் வேறு பாடத்துக்கு மாற இயலுமா என்று முதலில் பார்க்கலாம். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரை வேண்டும் என்பது மட்டுமே காரணமானால், காத்திருப்பதே நல்லது. இளநிலையை இங்கு உரிய காலத்தில் முடித்து, முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதிக் காலாப்பட்டுக்கோ சென்னைக்கோ செல்லலாம். அவ்வாறு செல்பவர் ஒரு கிரெடிட்டையும் இழப்பதில்லை; தேர்வாளர்களும் பெரும்பாலும் இறுதிப் பட்டத்தையே பார்க்கின்றனர். திறன் குறைவாக உள்ளதே என்பது கவலையானால், 'ஸ்வயம்' இணையவழிப் பாடங்கள் உள்ளன. ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் பயிலவும் 2022 ஏப்ரலில் மானியக் குழு இசைவளித்துள்ளது. திருமணம், நோய், குடும்ப இடப்பெயர்வு ஆகியவை காரணமானால் மட்டும் தயங்க வேண்டியதில்லை. படிப்பே நின்றுபோவதைவிட ஓராண்டு தாமதம் எவ்வளவோ மேல்.

தொலைநிலைக் கல்விக்கு மாறுவோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். உரிய ஏற்பு பெறாமல் 2015-க்குப் பிறகு நடத்தப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகள் செல்லாது என்று 2022 மார்ச்சில் மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. அதே பல்கலைக்கழகத்தின் நேரடி வகுப்புப் பட்டங்களை அது பாதிக்கவில்லை. ஆக, பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடாமல், குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட ஆண்டுக்கு, குறிப்பிட்ட முறையில் ஏற்பு உள்ளதா என்பதை மானியக் குழுவின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்: பருவவாரி மதிப்பெண் பட்டியல், பழைய பாடத்திட்டத்தின் சான்றிட்ட படி, தடையின்மைச் சான்று, மாற்றுச் சான்றிதழ், பழைய பல்கலைக்கழகம் தரும் இடப்பெயர்வுச் சான்றிதழ். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்துள்ளது. சேர்க்கையின் கடைசி நாளையொட்டி விலகுவோருக்குக் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே அறிவிப்பு வரையறுத்தது. கேட்பவருக்கே இவ்வுரிமைகள் கிடைக்கின்றன.

அரசு செய்ய வேண்டியது

மாணவரும் பெற்றோரும் இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருப்பதே நம் அமைப்பின் குறை. ஐரோப்பிய நாடுகள் 1999-இல் பொலோனாவில் செய்த உடன்படிக்கையைத் தொடர்ந்து, ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட்டுகள் என்ற பொது அளவை எல்லை கடந்து பின்பற்றுகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, 1960-இல் வகுத்த திட்டத்தின்படி, உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்த ஏழை மாணவர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை உயர்கல்வியின் இயல்பான படியாகவே ஆக்கியது.

அவ்வளவு பெரிய மாற்றத்தை உடனே எதிர்பார்க்க வேண்டியதில்லை. மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டத்தை முன்வைத்தபோது, பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பு எழுந்தது; அதில் நியாயமும் உண்டு. பாடத்திட்டத்தை ஒன்றாக்காமலேயே, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் இணை என்ற பட்டியலை அண்டைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிடலாம். இணைத்தன்மை கோரும் விண்ணப்பத்துக்கு 30 நாள்களுக்குள் எழுத்துபூர்வ விடை தரலாம். திருமணம், நோய், இடப்பெயர்வு ஆகிய காரணங்களுக்கென இரண்டாமாண்டில் சில இடங்களை ஒதுக்கலாம். மாத உதவித்தொகை மாணவரைப் பின்தொடருமாறு தமிழ்நாடும் புதுச்சேரியும் உடன்பாடு காணலாம். இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை.

ஒரு மாவட்டத்தின் கல்லூரிகள் அனைத்தையும் ஒரே சட்டத்தால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஓர் உப்பளத் தொழிலாளியின் மகளை ஓராண்டு வீணாகாமல் மாற்றுவது அரிய செயலன்று. அதுவரை, எழுத்தில் உறுதி பெற்று, இழப்பையும் பயனையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவெடுக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).