தண்ணீருக்குள் நின்று தாகத்தில் வாடும் செடி

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் கிரகப்பிரவேசம் என்றால், சுவர்க் கடிகாரத்தோடு ஒரு தொட்டிச் செடியும் பரிசாக வந்துவிடுகிறது. பெரும்பாலும் பீஸ் லில்லி. இல்லாவிட்டால் மணி பிளாண்ட், அக்லோனிமா, அரிகா பாம். முதல் மாதம் ஹாலுக்கே ஒரு களை. அடுத்த மாதம் அடி இலை மஞ்சளாகிறது, நுனி கருகுகிறது, ஒருநாள் காலையில் பார்த்தால் செடி மொத்தமும் துவண்டு கிடக்கிறது. உடனே ஒரு சொம்புத் தண்ணீர். சாயங்காலமும் நிமிரவில்லையா? இன்னொரு சொம்பு.

அக்கறையோடு ஊற்றும் அந்த இரண்டாவது சொம்பில்தான் பல செடிகள் போய்விடுகின்றன.

பீஸ் லில்லி வளர்ப்பவர்கள் இப்படி ஏமாறுவதற்கு அந்தச் செடியின் சுபாவமும் ஒரு காரணம். கொலம்பியா, வெனிசுவேலா மழைக்காடுகளிலிருந்து வந்த செடி அது. தாகம் எடுத்தால் எல்லா இலைகளையும் தொங்கவிட்டுவிடும். தண்ணீர் கிடைத்த சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்துவிடும். இதை இரண்டு முறை பார்த்தவர்கள், துவண்டால் தண்ணீர் என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் வேர் அழுகினாலும் அதே செடி அதேபோலத்தான் துவளும். இலையைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மண் காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் துவண்டு கிடந்தால் கோளாறு வேரில்.

இது எப்படி நடக்கிறது? வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், காற்றில் பரவும் வேகத்தைவிடச் சுமார் 10 ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் வேருக்குப் போய்ச் சேரும். மூச்சு முட்டிய வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. உடனே, செல் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே இருக்கும் அக்வாபோரின் என்ற புரத வாசல்கள் மூடிக்கொள்கின்றன. பிரான்சின் மோன்பெலியே நகர ஆய்வாளர்கள் இதை 2003-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். வேரைச் சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது. செடிக்குள்ளோ ஒரு சொட்டும் ஏறவில்லை. தண்ணீருக்கு நடுவில் செடி தாகத்தால் வாடுகிறது. பிறகு பித்தியம், பைட்டாப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் வந்து சேர்கின்றன. அவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. ஈரம் நிற்கும் தொட்டியில் அவற்றுக்குத் தடையே இல்லை.

ஆகவே முதல் வைத்தியம், செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பது. பலருக்கு இதைச் செய்யப் பயம். தொட்டியைச் சாய்த்து ஓரங்களைத் தட்டினால் மண் உருண்டை அப்படியே கழன்று வரும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், நகத்தால் அழுத்தினால் விறைப்பாக நிற்கும். அழுகிய வேர் பழுப்பு நிறம். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் நூல்போல ஒரு இழை மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். அப்படிப்பட்ட வேர்களை ஸ்பிரிட் தடவிய கத்தரியால் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். வேர் பாதி போய்விட்டால் இலைகளிலும் கொஞ்சம் குறைப்பது நல்லது. மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

வேர் முழுவதுமே போய்விட்டால்? மணி பிளாண்டுக்கு அப்போதும் வழி உண்டு. பசிபிக் கடலில் டஹீட்டிக்குப் பக்கத்தில் உள்ள மோரேயா தீவுதான் அதன் பூர்வீகம். உலகம் முழுக்கப் பரவியும் அது பூப்பதே இல்லை எனலாம்; ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு அதில் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். பூ இல்லை, விதை இல்லை. அம்பத்தூர் பால்கனியில் தொங்குவதும் நியூயார்க் அலுவலகத்தில் படர்வதும் ஒடித்து வைத்த கொடியிலிருந்து வந்தவையே. ஒரு கணுவும் ஒரு இலையும் இருந்தால் போதும். கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீர் பாட்டிலில் நிறுத்தினால் சில வாரங்களில் வேர் விடும். தண்ணீரில் அழுகாதா என்று கேட்கலாம். தண்ணீரிலேயே பிறக்கும் வேர் தனக்குள் காற்றுக் குழாய்களை அமைத்துக்கொள்கிறது. நெற்பயிர் வயல் தண்ணீரில் நிற்பதும் இப்படித்தான். மண்ணில் வளர்ந்த வேரைத் திடீரென்று முக்கினால்தான் ஆபத்து. பீஸ் லில்லிக்கு இந்த வழி கிடையாது. நல்ல வேரோடு இருக்கும் குருத்துப் பகுதியைப் பிரித்துத் தனியாக நடவேண்டும்.

திரும்ப நடும் மண்ணில்தான் அடுத்த தவறு நேர்கிறது. இந்தச் செடிகளில் பல காட்டில் மட்கிய இலைக்குவியலிலும் மரப்பட்டையிலும் வேர் பிடிப்பவை. கெட்டியான செம்மண் அவற்றுக்கு மூச்சை அடைக்கும். கோகோபீட் மட்டும் போட்டாலும் அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டு, அதே அளவு பெர்லைட்டோ கரித்துண்டோ கலந்து, கொஞ்சம் மண்புழு உரம் சேர்த்தால் போதும். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி, ஈரம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடும். துளையின்மேல் ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதுமானது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கேள்விக்கு விவசாயிகளிடம் எப்போதோ பதில் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். மேல்மண் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். எத்தனை நாளில் காயும் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். மழைக்காட்டின் தரைக்குக் கிடைப்பது அதில் ஓரிரு சதவீதம். சோபா ஓரத்து மூலையில் சில நூறு லக்ஸ்கூட இருக்காது. கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி காட்டிவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். பால்கனியில் மூன்றே நாளில் காய்ந்த தொட்டி, ஹாலில் பத்து நாளானாலும் ஈரமாக நிற்கலாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். புறநகரின் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அமைவனத்தின் விதி. 1,000 மில்லிகிராம் உள்ள தண்ணீரை வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால், அடியில் வடியாத தொட்டியில் ஒரு வருடத்தில் சுமார் 50 கிராம் உப்பு சேர்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. இலை நுனி பழுப்பாகக் கருகுவதும் மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பதும் அதன் அடையாளங்கள். ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது. குடியிருப்புகளில் உள்ள சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதால் அந்தத் தண்ணீரும் ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதைவிட நல்லது ஐப்பசி, கார்த்திகை மழை. தொட்டிகளைப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஒரு நல்ல மழையில் நனையவிட்டால், வருடமெல்லாம் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து ஓடிவிடும்.

துவண்ட செடியின் இலைக்காம்பில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அது மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, தமிழகத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. கடைசியில், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து பெருக்கி விட்ட அசெரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஹாலுக்குள் இருக்கும் செடிக்கு அப்படி உதவிக்கு வரும் குளவி கிடையாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

வேர் வெட்டி நட்ட செடிக்கு உரம் வேண்டாம், வெயில் வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீரும் வேண்டாம். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புது இலை வருகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். வெட்டி எறிந்த துண்டுகளைக் குழந்தைகளும் பூனைகளும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணி பிளாண்டும் பீஸ் லில்லியும் சேப்பங்கிழங்கின் குடும்பம். பச்சைக் கிழங்கு நாக்கை அரிக்கவைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றிலும் உண்டு.

புதிதாகச் செடி வாங்குபவர்கள் நர்சரியிலேயே தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பார்க்கலாம். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் தைரியமாக வாங்கலாம். நம் ஊருக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல, ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் அருகே உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து வருபவை. நிழல் வலைக்குக் கீழே நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த செடி, ஹாலுக்கு வந்ததும் இரண்டு மூன்று இலைகளை உதிர்ப்பது சகஜம். வந்த முதல் சில வாரங்களில் அதைத் தொட்டி மாற்றாமல் ஜன்னலருகே ஒரே இடத்தில் விட்டு வைப்பது நல்லது.