தீயில் வெந்த எலும்புக்குப் பெயர் தேடுகிறார்கள்

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்து 2,753 பேர் மாண்டார்கள். அவர்களில் மூன்று பேர் இன்னார் என்று தெரிந்தது எப்போது தெரியுமா? 2025 ஆகஸ்டில்! அப்போதும் சுமார் 1,100 பேர் அடையாளம் தெரியாமலே இருந்தார்கள்.

இத்தனை தாமதம் ஏன்?

டி.என்.ஏ. என்பது நம் உயிரணுக்களுக்குள் நூல் போல் நீண்டு கிடக்கும் பொருள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. ஆகவே, மகனின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்து, தந்தையின் எலும்போடு ஒப்பிடலாம். இறந்தவர் உபயோகித்த சீப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதம் கனன்ற தீ

அந்த நூலுக்குப் பெரிய எதிரி வெப்பம். சூடு ஏற ஏற நூல் துண்டு துண்டாக அறுந்து போகும். நியூயார்க்கில் இடிபாடுகளுக்குள் டிசம்பர் வரை தீ கனன்றது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரும் கெடுதலே செய்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

காலம் மட்டும் இவ்வளவு கெடுப்பதில்லை. சைபீரியாவின் உறைபனி நிலத்தில் கிடந்த மாமத் யானையின் பல்லில், பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய டி.என்.ஏ.யை விஞ்ஞானிகள் 2021இல் படித்துவிட்டார்கள். கடும் தீயிலோ அது சில மணி நேரம்கூடத் தாங்காது.

எலும்பு வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. கருகியதோடு நின்றிருந்தால் நம்பிக்கை உண்டு. தொடை எலும்பும் பல்லும் கெட்டியானவை. உள்ளே இருப்பதை ஓரளவு காப்பாற்றும்.

மாவாக இடிக்கிறார்கள்

எலும்புத் துண்டைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மாவாக இடிக்கிறார்கள். இடிக்கும்போது சூடேறி, மிஞ்சியதும் கெட்டுவிடக் கூடாதே! பிறகு சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து நீக்கி டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். முன்பு படிக்க முடியாத சின்னஞ்சிறு துண்டுகளையும் இப்போது படிக்க முடிகிறது. அதனால், ஒரு முறை தோற்ற எலும்பையே மறுபடியும் மறுபடியும் சோதிக்கிறார்கள்.

அங்கே கிடைத்த உடல் துண்டுகள் சுமார் 22,000. ஒருவருடைய துண்டுகளே பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அடையாளம் தெரியலாம். ஒவ்வொரு தடவையும் செய்தி சொல்ல வேண்டுமா என்று நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் குடும்பத்தாரையே கேட்கிறது. சொல்லுங்கள் என்பவர்கள் உண்டு. ஒரு முறை கேட்டதே போதும், இனி வேண்டாம் என்றவர்களும் உண்டு.