கண்ணுக்குள் ஓடும் கான்கள்

புசல்லாவை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். விரல் செடியைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றிய இலையை விட்டுவிட வேண்டும். பச்சைக்குள் பச்சையைப் பிரித்தறியும் இந்த வேலையைச் செய்வது விழித்திரையின் நடுவில், ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பகுதி. மக்குலா என்று அதற்குப் பெயர். முகம் அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும், பஸ் பெயர்ப்பலகை வாசிப்பதும் அதன் தயவில்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுக்கிறார். "கண்ணையும் ஒருக்கா காட்டுங்க அம்மா" என்றால், "கண்ணு நல்லாத்தானேங்க தெரியுது?" என்கிறார். அவர் சொல்வது உண்மை. கண் நன்றாகத்தான் தெரியும், விழித்திரை பாதி கெட்டுப்போன பின்னும்கூட. சீனியால் வரும் விழித்திரை நோயின் சூழ்ச்சியே அதுதான்.

விழித்திரை கால் மில்லிமீற்றர் அளவே தடிமன் கொண்ட ஒரு படலம். ஆனால் எடைக்கு எடை பார்த்தால், உடம்பில் மிக அதிகமாக ஒட்சிசன் கேட்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியவை. தேயிலை மலையில் வெட்டியிருக்கும் கான்களை நினைத்துக்கொள்ளுங்கள். கான் ஒழுங்காக இருக்கும்வரை தண்ணீர் தன் வழியில் போகும். கரை அரித்துவிட்டால் நீர் கசிந்து செடியின் காலடி ஊறும். வற்றிய இடத்தில் வண்டல் தங்கும். இரத்தத்தில் சீனி கூடியே இருந்தால் விழித்திரைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நுண்குழாயின் சுவரை அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் கலங்கள் முதலில் சாகின்றன. பலம் குறைந்த இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது. அதிலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு ஓரத்தில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. அது மக்குலாவை எட்டும் நாளில்தான் நேர்கோடு வளைகிறது, முகம் மங்குகிறது.

அடுத்த கட்டம் இன்னும் கொடியது. சில நுண்குழாய்கள் அடைபட்டு, விழித்திரையின் சில பகுதிகள் மூச்சுத் திணறுகின்றன. மூச்சுக்குத் தவிக்கும் திசு, 'புதுக் குழாய் வேண்டும்' என்று ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் 1948-இலேயே ஊகித்தார். 1989-இல் நெப்போலியோனே ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்த விஈஜிஎஃப் என்ற புரதமே அந்த வேலையின் முக்கிய கர்த்தா என்று பின்னர் தெளிவாயிற்று. உதவிக்கு வரும் புதுக் குழாய்களோ நோஞ்சான்கள். தொட்டால் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். பின் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இதையெல்லாம் உயிருள்ள மனிதரிடம் நேரே பார்க்க முடியும் என்பதுதான் வியப்பு. 1851-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்நோக்கியை அறிமுகப்படுத்தும்வரை கண்மணி கறுப்பு வாசலாகவே இருந்தது. இன்று வைத்தியர் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தை உள்ளே செலுத்துகிறார். செம்மஞ்சள் தரை; அதில் வெளிர்மஞ்சள் வட்டமாகப் பார்வை நரம்பின் தலை; அங்கிருந்து மரக்கிளைபோல் பிரியும் நாடிகள், நாளங்கள். நோய் வந்த கண்ணில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், மெழுகு சிந்தினாற்போல் மஞ்சள் திட்டுகள். உடம்பின் இரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

இலையைப் பார்த்து வேரின் நோயைச் சொல்வதுபோல, விழித்திரையைப் பார்த்து உடம்பைச் சொல்லலாம். பிரஷர் கூடியவரின் நாடி தடித்து, தான் கடக்கும் நாளத்தை நசுக்கிக் கிடக்கும். இரத்தப் புற்றுநோயில் நடு வெளுத்த இரத்தத் திட்டுகள் தென்படலாம். சீனியால் கண்ணின் குழாய்கள் கெட்டிருந்தால் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். அங்கே இருப்பதும் இதேபோன்ற நுண்குழாய்கள்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்ற கூகுள் ஆய்வொன்றில், 1 இலட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கிய கணினி இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் கண் வைத்தியர்களுக்கு ஈடாக நின்றது. அது 2016-இல். இரண்டு வருடம் கழித்து வேறோர் ஆய்வு, அதே மாதிரியான படத்திலிருந்து ஒருவரின் வயதை, இரத்த அழுத்தத்தை, புகைப்பவரா என்பதை, ஆணா பெண்ணா என்பதைக்கூடக் கணினி கணிக்கிறது என்று காட்டியது.

சிகிச்சையின் கதை சூரியனில் தொடங்குகிறது. 1945-இல் ஒரு சூரிய கிரகணம். அதை வெறுங்கண்ணால் பார்த்ததால் விழித்திரை சுட்டுப்போன கண்ணைப் பார்த்த ஜெர்மன் வைத்தியர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், சுடும் ஒளியையே மருந்தாக்கலாமா என்று யோசித்தார். கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் விட்டார். பிறகு செனான் விளக்கு, அதன்பின் லேசர். விழித்திரையின் ஓரங்களை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சுட்டால், பார்வையைப் பறிக்கும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது என்று 1976-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு நிறுவியது. தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இது புரியாத கணக்கில்லை. கவ்வாத்து வெட்டும்போது நல்ல கிளையும்தான் போகிறது, செடி பிழைக்கிறது. லேசரால் இராப்பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். அந்த விலைக்கு நடுப்பார்வை காப்பாற்றப்படுகிறது.

விஈஜிஎஃப்பை அடக்கும் ஊசிகள் அடுத்து வந்தன. குடல் புற்றுநோய்க்கென 2004-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பெவசிசுமாப் மருந்தை, மறு வருடமே மிகச் சிறு அளவில் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார்கள். மக்குலாவின் வீக்கம் வற்றியது. ஊசி என்றதும் நெஞ்சு பதறும். கண்ணை மரக்கச் செய்துவிட்டு மிக மெல்லிய ஊசியால் போடுவதால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒன்றோடு நிற்பதில்லை, பல தடவை போகவேண்டும். இரத்தம் கொட்டி நிறைந்த கண்ணுக்கோ, விழித்திரை இழுபட்ட கண்ணுக்கோ அறுவைச் சிகிச்சையும் உண்டு.

ஆனால் கண்ணை மட்டும் வைத்தியம் பார்த்தால் அது மேல்மலையில் கரை உடைந்திருக்கக் கீழ்மலைக் கானை மட்டும் திருத்துவதுபோல. இன்சுலினால் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்ததை, முதல் வகை நீரிழிவுக்காரரிடம் நடந்த 1993-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. பிரஷரைக் கட்டுப்படுத்தினால் இரண்டாம் வகைக்காரரின் விழித்திரை நோய் முற்றுவது 34 சதவீதம் குறைகிறது என்றது 1998-ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆய்வு. இரத்தசோகையும் சிறுநீரகக் கோளாறும் விழித்திரை நோயை மோசமாக்கும். நெடுநாள் கூடியிருந்த சீனியைச் சடுதியாக இறக்கினால் கண் நோய் தற்காலிகமாக முற்றலாம்; மருந்தைக் கூட்டும் நேரத்தில் கண்ணையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால், கண்ணுக்குள் ஊசி போடுமுன் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். நீரிழிவோடு கருவுற்ற பெண் முதல் மாதங்களிலேயே கண்ணைக் காட்டவேண்டும்.

2005–06-இல் நடந்த நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையில் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இரண்டாம் வகையென்றால் நோய் தெரிந்த அன்றே கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. ஆனாலும் புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்வர ஒரு நாள் பிடிக்கும், அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். நாட்கூலிக்காரருக்கு அது சின்ன இழப்பில்லை. ஆகவே கிளினிக்குக்குப் போகும் நாளைத் தோட்டமும் வேலைநாளாகவே எண்ணவேண்டும். விழித்திரையைப் படமெடுக்கும் கருவி மலைக்கு ஏறி வரவேண்டும்.

அதுவரை, கண்ணைக் காட்டப் போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். கண்மணி விரிந்திருப்பதால் திரும்பி வரும்போது வெயில் கூசும். சேலைத் தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். சில மணித்தியாலங்களில் கூச்சம் தணியும். மறுநாள் காலை மலையில் ஏறும்போது இலை இலையாகத் தெரியும். அப்படித் தெரிகிற கண்ணைத்தான் அடுத்த வருடமும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.